ஒட்டுக் கட்டும் பையில் மாவுக்கட்டு எதற்கு?

போன வாரம் நம் நர்சரி வாட்ஸ்அப் குழுவில் பன்னிரண்டு படங்கள் வந்து விழுந்தன. அதில் பதினொன்று நாடாக்களின் படங்கள். பச்சை, வெள்ளை, கறுப்பு, இழுத்தால் நீள்வது, நீளாமல் முறைப்பது, வெயில் பட்டால் தானே உதிர்வது என்று கடையில் தொங்கியதையெல்லாம் படம் பிடித்துப் போட்டு, "சார், ஒட்டுக்கு இதுல எது பெஸ்ட்?" என்று கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டாவது படத்தில் நர்சரியின் பழைய வேலைப் பை. அதன் அடியில், கத்திக்கும் கத்தரிக்கும் கீழே, மருந்துக்கடையில் விற்கும் மாவுக்கட்டுச் சுருள் ஒன்று. "சார், இதை யாரோ தவறிப் போட்டுட்டாங்க போல. எடுத்துடவா?"

எடுக்க வேண்டாம். அதைப் போட்டவன் நான்தான். தவறி என்பது மட்டும் கொஞ்சம் சரி. தவறியது பதினெட்டு மாஞ்செடிகள். அந்தக் கதையைச் சொன்னால் மற்ற பதினொரு படங்களுக்கும் பதில் கிடைத்துவிடும்.

தமிழில் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுவீர்கள், எழுத்தைக் கண்டால் பஸ் பலகையைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். படிக்கத் தெரிந்தவர் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கும் நேரத்தில் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவும். கையில் கத்தி இருக்கும்போது வாசிக்க வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். புனேயை அடுத்த தளேகாவ் பக்கத்து இந்த நர்சரியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். அதில் பாதிக் காலம் வீடு வீடாகப் போய் ஒட்டுக் கட்டியவன். 'கலம்வாலா', ஒட்டுக்காரன், என்று வாட்ச்மேன்கள் கேட்டைத் திறந்துவிடுவார்கள். நல்ல மரத்தின் குச்சியைச் சீவி, நாற்றின் தண்டைப் பிளந்து, உள்ளே செருகி, காற்றும் நீரும் புகாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்று வாரம் ஆடாமல் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இவ்வளவுதான் தொழில். சீவுவதும் செருகுவதும் ஒரு மாதத்தில் உங்களுக்கு வந்துவிடும். எதைக் கொண்டு கட்டுவது என்பதில்தான் நான் முப்பது வருடமும் அசடு வழிந்தேன்.

நான் எதையெல்லாம் கொண்டு கட்டியிருக்கிறேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். எலெக்ட்ரீஷியனின் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். ஏப்ரல் வெயிலில் மாடியில் அது கொதித்து, உள்ளே எலுமிச்சைக் குச்சி அவிந்துபோனது. சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினேன். என் மனைவி புடவைக்கு வைத்துத் தைக்க வாங்கி வைத்திருந்த ஃபாலை எடுத்துக் கட்டினேன். அதில் ஒட்டு பிடித்தது, வீட்டில் சோறு கிடைக்கவில்லை.

பிம்ப்ரியில் ஒரு மாடித் தோட்டத்தில் கொய்யாவுக்கு நைலான் நூல் சுற்றினேன். பூகம்பம் வந்தாலும் அவிழாது என்று அந்த வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அறுத்துவிடுங்கள் என்றேன். அவர் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்பவர். எந்த நாள் எந்தக் கிழமை என்பதே அவருக்கு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். அவரும் மறந்தார், நானும் மறந்தேன். மரம் மட்டும் மறக்காமல் பருத்தது. அடுத்த வருடம் முதல் காய்களைக் காட்டச் சொந்தக்காரர்களை வரவழைத்து, என்னையும் கூப்பிட்டு, கிளையைப் பெருமையாகத் தொட்டார். நூல் இருந்த இடத்தில் ஒடிந்து, மேல் பாதி இரண்டு கொய்யாவோடு அவர் கைக்கே வந்துவிட்டது. மேடையில் பூங்கொத்து கொடுப்பது போல அதை என்னிடம் நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நூலை மாற்ற வேண்டும் என்று மட்டும்தான் புரிந்துகொண்டேன்.

இப்போது மாவுக்கட்டுக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலம். வானவடியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பெயர் கலாவதி. வேலூர் பக்கத்துக் குடும்பம். எல்லோருக்கும் கலாக்கா. அவர்கள் இருந்த பழைய சொசைட்டிக் குடியிருப்பை இடித்து உயரமாகக் கட்டப்போகிறார்கள். அவர் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு மாமரம். அதன் தண்டில் பில்டரின் ஆள் சிவப்புப் பெயின்டில் எண் போட்டுவிட்டுப் போயிருந்தான். கணபதி சிலைகளைக் கரைக்கும் விசர்ஜனுக்கு மறுநாள் மரம் வெட்டப்படும், பிறகு இயந்திரங்கள் உள்ளே வரும்.

"இன்னா தம்பி, மாம்பழம் நூறு கடையில கெடைக்குது. இது வடு மரம்," என்றார் கலாக்கா.

அந்த மரத்தின் பழத்தை யாரும் சீண்டமாட்டார்கள். பழுத்தால் நாரும் கொட்டையும்தான். ஆனால் பிஞ்சு, விரல் நுனி அளவில் உருண்டையாக, காம்போடு பறித்து உப்பில் போட்டால் சுருங்கிக் காரமேறி அடுத்த வருடம் வரை கடிபடும். வடுமாங்காய்க்கு இதைப் போல ஒரு மரம் புனேயில் வேறு எங்கும் கிடையாது. பங்குனியில் கலாக்கா ஜாடி ஜாடியாக ஊறப்போட்டுத் தெரிந்த நாற்பது தமிழ் வீடுகளுக்குக் கொடுப்பார். இந்த மதராசிகள் ஏன் பழுப்பதற்குள் பறித்துவிடுகிறார்கள் என்று சொசைட்டியின் மராத்திக் குடும்பங்கள் வருடாவருடம் பொதுக்கூட்டத்தில் வருத்தப்படுவார்களாம்.

"இந்தக் கொட்டையைப் போட்டா இதே வடு வருமா?" என்று கேட்டார்.

"வராதுக்கா. என்ன வரும்னு மரத்துக்கே தெரியாது. ஒட்டு ஒண்ணுதான் வழி."

"அப்போ உன்னை வுட்டா எனக்கு வழி இல்ல," என்றார். இந்த மாதிரி ஒரு வாக்கியம் காதில் விழுந்ததும் எந்தத் தொழிலாளியும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவான். நானும் நிமிர்த்தினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் இன்னொருவர் உண்டு. அவருடைய கணவர் சுபேதார். ராணுவ மருத்துவமனைகளில் நர்சிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே என் இடது மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். அது லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். சப்போட்டா மரத்திலிருந்து விழுந்ததன் நினைவுப் பரிசு.

"யாரு செட் பண்ணது?" என்றார்.

"டாக்டர்தான் சார். அரிப்பு தாங்காம மாவுக்கட்டை ஒரு வாரம் முன்னாடியே நானே பிரிச்சுட்டேன்."

சுபேதார் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஆறு வாரம்னா ஆறு வாரம். எங்க வார்டுல மாவுக்கட்டுல கை வைக்கிறவனைக் கட்டிலோட வெளிய தள்ளுவோம். சரி மாஸ்டர், உன் வேலையைப் பாரு."

அன்றிலிருந்து நான் மாஸ்டர். அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நர்சரியிலிருந்து கொண்டுபோன பத்து நாற்றுப் பைகளை அவர்கள் வராந்தாவில் வரிசையாக வைத்து, பத்து ஒட்டுக் கட்டினேன். வழக்கமான பாலித்தீன் நாடா. மேலே குச்சி ஐஸ் உறையைத் தொப்பி போல மாட்டிவிட்டேன். சுபேதார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் பார்த்தார்.

"வெட்டு ஆழமா?"

"ஒரு அங்குலம் சார்."

"தையல் இல்ல?"

"கட்டு மட்டும்தான்."

"ம்," என்றார். "நீ கெளம்பு மாஸ்டர். டூட்டி நான் பாத்துக்கறேன்."

பட்டாளத்துக்காரர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட டூட்டி என்கிறார் என்று சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அந்தச் சிரிப்பின் விலை பதினெட்டுச் செடி.

பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். கட்டு அப்படியே இருந்தது. அப்படியே என்றால் போதாது. சுற்றுக்குச் சுற்று சம இடைவெளி, ஒரு சுருக்கம் கிடையாது, நுனி உள்ளே மடிந்து மறைந்திருந்தது. இவ்வளவு அழகாகவா கட்டினோம் என்று எனக்கே ஆச்சரியம். படம் எடுத்து அன்றைய குழுவில் போட்டு, "கட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று கீழே எழுதினேன். பழைய ஆட்களிடம் கேளுங்கள், அந்தப் படம் இன்னும் யார் போனிலாவது இருக்கும்.

மூன்றாவது வாரம் பத்துக் குச்சிகளும் கறுத்துவிட்டன.

ஒன்றைப் பிரித்தேன். பிளவைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை. இந்த இடத்தில் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். தெரியாத ஒன்றைப் பார்த்தவுடன் தெரிந்தது போல முகத்தை வைத்துக்கொள்வது நம் தொழிலின் பெரிய வியாதி. நான் அந்தக் கறையை முகர்ந்து, நகத்தால் சுரண்டி, "பூஞ்சைக்கா. மழைக்காலப் பூஞ்சை," என்றேன். ஒரு லத்தீன் பெயரும் சொன்னேன். அது பூஞ்சையின் பெயரா, பள்ளிக்கூடத்தில் படித்த தவளையின் பெயரா என்று எனக்கே சந்தேகம். சுபேதார் மட்டும் முகத்தைச் சுளித்து, "பூஞ்சை வர சான்ஸே இல்லியே," என்றார். டாக்டர் வீட்டு நாய்க்குக்கூட ஊசி போடத் தெரியும் என்ற பாவனையில் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

குற்றவாளி நாடாதான் என்று தீர்ப்பளித்தேன். இரண்டாம் முறை எட்டு ஒட்டு. இந்த முறை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மெழுகு நாடா. இழுத்தால் நீளும், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும், மொட்டு வந்தால் கிழித்துக்கொண்டு வரும் என்று அட்டையில் போட்டிருந்தது. கட்டி முடித்து, சுருளை அவசரத்தில் வராந்தாவிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது சுருள் பாதியாக இளைத்திருந்தது. அதற்கு அடுத்த வாரம் நடுவிலிருந்த அட்டைக் குழாய்தான் மிச்சம். கலாக்கா புளிக்கரைசல் கிண்ணத்தை மூட எடுத்திருப்பார், கேட்டால் சங்கடப்படுவார் என்று பெருந்தன்மையோடு பேசாமல் இருந்தேன். கட்டு மட்டும் முன்பைவிட அழகாக இருந்தது. அதையும் படம் எடுத்தேன்.

எட்டும் கறுத்தன. அதே பழுப்புக் கறை.

கலாக்கா இந்த முறை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வராந்தாப் படியில் உட்கார்ந்து, வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டே, "விசர்ஜனுக்கு இன்னும் ஒம்போது நாளு," என்றார். "ஏன் தம்பி, காலேஜ்ல ஒட்டுக் கட்டறதுக்குப் படிச்சவங்க இருக்காங்களாமே. ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டா? நீ தப்பா நெனச்சுக்காதே."

"தாராளமா கேளுங்கக்கா," என்றேன். தப்பாக நினைத்துக்கொண்டேன்.

வெளியே மரத்தின் நிலைமையும் மோசம். பில்டரின் ஆட்கள் தகர வேலி போடுவதற்காகக் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டார்கள். மேலே எங்கு பார்த்தாலும் மழைக்குப் பின் விட்ட செந்தளிர். தளிர்க் குச்சி ஒட்டுக்கு ஆகாது. முற்றி, நுனி மொட்டு திரண்டு நிற்கிற குச்சி என்று ஏணி வைத்துத் தேடியதில் கிடைத்தது ஐந்து. இலைகளை நறுக்கிவிட்டு, ஒரு வாரம் மரத்திலேயே விட்டு வைத்தேன். அந்த ஐந்தும் போனால், அப்புறம் மரமும் இல்லை, குச்சியும் இல்லை.

செத்த செடிப் பை ஒன்றை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு நர்சரிக்கு வந்தேன். அங்கே நாற்றுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி லாரிக்கு அனுப்பும் ஒரு மாவ்ஷி, நம்மூரில் சித்தி என்போமே, இருந்தார். கத்தியைத் தொட மாட்டார். கட்டுவது மட்டும்தான் வேலை. வாழ்நாளில் அவர் போட்ட முடிச்சுகளை நீட்டினால் லோனாவ்லா வரை போய்த் திரும்பலாம். அவரிடம் பையைக் காட்டி, "கட்டைப் பாரு மாவ்ஷி, எவ்வளவு சுத்தம். இதுக்குள்ள பூஞ்சை எப்படிப் போகும்?" என்று புலம்பினேன்.

மாவ்ஷி மராத்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். மராத்தியில் இன்னும் வலிக்கும்.

"இது உன் கட்டு இல்லையே."

"என் கட்டுதான். நானே கட்டினேன்."

"நீ கட்டினா கடைசிச் சுத்து தொங்கும். இத்தனை வருஷமா பார்க்கறேன், உன் கட்டுக்கு ஒரு வால் இருக்கும். இதுல வால் எங்கே? நீ வலப்பக்கமா சுத்துவே. இது இடப்பக்கமா சுத்தியிருக்கு." பையைத் தூக்கி மூக்கருகில் வைத்தார். "ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது. யாரைக் கொண்டுபோய் அட்மிட் பண்ணினே?"

நான் இரண்டு மாதமாகப் படம் எடுத்து மெச்சிக்கொண்டது வேறொருவரின் கைவேலையை.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறரைக்கு வானவடி போனேன். தூறல். கலாக்கா அந்த நேரத்தில் கோயிலுக்குப் போயிருப்பார் என்று தெரியும். தகர வேலிக்கும் மரத்துக்கும் நடுவில் ரெயின்கோட்டோடு ஒளிந்து நின்று வராந்தாவைப் பார்த்தேன்.

சுபேதார் குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, வெள்ளைப் பனியனோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவரைக்கொட்டை வடிவத்தில் எவர்சில்வர் தட்டு. அதில் பஞ்சு, இடுக்கி, கத்தரி, டிஞ்சர் பாட்டில். ஏற்கெனவே செத்துப்போன எட்டுச் செடிகளில் ஒன்றின் கட்டைப் பதமாகப் பிரித்து, பிளவை விலக்கிப் பார்த்து, டிஞ்சரில் தோய்த்த பஞ்சால் துடைத்தார். "கொஞ்சம் எரியும். பொறுத்துக்கோ," என்று செடியிடம் சொன்னார். பிறகு தானே வாங்கி வைத்திருந்த புது நாடாவை இடப்பக்கமாக, சம இடைவெளியில், சுருக்கமில்லாமல் சுற்றினார். நோட்டில் ஏதோ குறித்தார். "பெட் நம்பர் நாலு, முன்னேற்றம் இல்லை."

தினமும் காலையில் கட்டுப் பிரித்து மருந்து போட்டு மாற்றியிருக்கிறார். முப்பது வருடம் ராணுவத்தில் அப்படித்தான் மனிதர்களைப் பிழைக்க வைத்தார். வெட்டுக் காயம், கட்டுப் போட்டிருக்கிறது, அப்படியென்றால் தினமும் மாற்ற வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த யாரும் என்பது நான்தான். தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. கட்டைப் பிரிக்கிற ஆள் என்று நான் குரங்கைத்தான் நினைத்திருந்தேன்.

அப்படியே பின்வாங்கி, தெருமுனை அம்ருததுல்ய டீக்கடையில் போய் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். என் தொழில் வாழ்க்கையிலேயே உருப்படியாக யோசித்தது அந்த இரண்டு டீ நேரம்தான்.

நேரே போய், சார், நீங்கதான் பதினெட்டையும் கொன்னீங்க என்று சொல்லலாம். உண்மைதான். கலாக்கா காதில் விழும். நாற்பது வீட்டு வடு போனதற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தால், அந்த மனிதருக்கு அந்த வீட்டில் மீதி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று என்னால் கற்பனை செய்ய முடிந்தது. எனக்கும் மனைவி இருக்கிறார்.

தொடாதீங்க சார் என்று மட்டும் சொல்லலாம். மூன்று நாள் கேட்பார். நான்காம் நாள், காயம் அழுகுதோ என்னவோ என்று மனம் அடித்துக்கொள்ளும். அவர் அலட்சியத்தால் பிரிப்பவர் அல்ல, அக்கறையால் பிரிப்பவர். அக்கறையுள்ளவரைத் தடுக்கிற நாடா எந்தக் கடையிலும் இல்லை. இரும்புக் கம்பியால் கட்டினாலும் கட்டிங் பிளேயர் வாங்கி வருவார்.

கிளாஸை வைக்க இடது கையை நீட்டினேன். என் கோணல் மணிக்கட்டு தெரிந்தது. எழுந்து பக்கத்து மருந்துக்கடைக்குப் போனேன்.

விசர்ஜனுக்கு இரண்டு நாள் முன்னால் ஐந்து குச்சியையும் இறக்கி, ஐந்து புது நாற்றோடு வராந்தாவில் உட்கார்ந்தேன். காலேஜ்காரர்கள் பருவம் முடிந்துவிட்டது, அடுத்த ஜூனில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் கலாக்கா என்னைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அவர் உள்ளே காபி போடப் போன நேரம் பார்த்து சுபேதாரிடம் பேசினேன்.

"சார், இத்தனை நாளா நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"இன்னா தப்பு?"

"இதைக் காயம்னு நெனச்சுக் கட்டிட்டேன். இது காயம் இல்ல சார். எலும்பு முறிவு. ரெண்டு முனையும் ஒண்ணு சேரணும். ஆடக் கூடாது."

சுபேதார் குச்சியைப் பார்த்தார். நாற்றைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது.

"ஃபிராக்சரா," என்றார். "அதை மொதல்லியே சொல்ல வாணாவா? ஃபிராக்சருக்கு வெறும் பேண்டேஜ் சுத்துவாங்களா? மாவுக்கட்டு போடணும்."

நான் பையிலிருந்து சுருளை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். வேலைக்கு மறுபடி கூப்பிட்டுக் கடிதம் வந்தது போல வாங்கினார்.

சீவிச் செருகி, பாலித்தீன் நாடா சுற்றியது நான். வாலோடுதான். அதன்மேல் சிம்பு வைத்து மாவுக்கட்டுப் போட்டது அவர். நாற்று எடை தாங்காது என்று இரண்டே சுற்று, முட்டை ஓடு போல மெல்லியதாகப் போட்டு, பின்னால் மூங்கில் தப்பை கொடுத்து நிறுத்தினார். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் தேதி எழுதினார். பிரிக்க வேண்டிய தேதியையும் எழுதினார். சரியாக ஆறு வாரம்.

கடைசிச் செடியில் கை வைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார். "மாஸ்டர். முன்ன போச்சே பதினெட்டு. டிரெஸ்ஸிங் மாத்தினதாலயா?"

உள்ளே காபி ஆற்றும் சத்தம் கேட்டது. என்னிடம் இருந்த ஒரே பழைய சரக்கை எடுத்து விட்டேன்.

"பூஞ்சை சார்."

அவர் மாவை நீவி முடித்தார். "டிஞ்சர் போட்ட எடத்துல பூஞ்சை எப்படி மாஸ்டர் வரும்?"

"அது ஒரு மாதிரிப் பூஞ்சை சார்."

அதற்குள் கலாக்கா காபியோடு வந்துவிட்டார். ஐந்து வெள்ளைக் கட்டுகளைப் பார்த்து, "இது இன்னா, எல்லாத்துக்கும் கால் ஒடஞ்சிட்டுதா?" என்றார்.

"கை வெச்சே, அப்புறம் தெரியும்," என்றார் சுபேதார். மனைவியிடம் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

மரம் வெட்டிய அன்று நான் போகவில்லை. கலாக்கா போனில் சொன்னார். அவர் உள் அறையிலேயே இருந்துவிட்டாராம். சுபேதார் மட்டும் வராந்தாவைத் தார்ப்பாயால் மூடி, தூசி படாமல் ஐந்து பைக்கும் காவலாக உட்கார்ந்திருந்தாராம். பேஷன்டுக்குச் சத்தம் ஆகாது என்று மரம் அறுக்கிறவனிடமே போய்ச் சொல்லியிருக்கிறார்.

இருபதாம் நாள் காலை என் போன் அடித்தது. சுபேதார் ஹலோகூடச் சொல்லவில்லை. "பெட் நம்பர் ரெண்டு. கண்ணு முழிச்சுட்டான்."

ஐந்தில் மூன்று பிடித்தது. தளிர் விட்டதும் நாடா நிலையைப் பார்க்கலாம் என்று ஒரு நாள் கையை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு, மாவுக்கட்டில் எழுதியிருந்த தேதியைக் காட்டினார். ஆறு வாரம் முடிந்த அன்றுதான், பழைய மாவுக்கட்டுக் கத்தரியைத் தீட்டி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கலாக்கா நாற்பது வீட்டுக்கும் செய்தி சொல்லிவிட்டார். 'மாவுக்கட்டு போட்டு ஒட்டுக் கட்டற மாஸ்டர் நீங்கதானா' என்று வானவடியிலிருந்து போன் மேல் போன். சாதா நாடாவால் கட்டினால் அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் ஏமாற்றுவேலை என்று நினைக்கிறார்கள். பையில் அந்தச் சுருள் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், பதினொரு படத்துக்கான பதில். எது பெஸ்ட் என்று கேட்டீர்கள். பையைத் திறப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மறக்கிற வீடு என்றால் தானே உதிர்கிற நாடா. தோண்டித் தோண்டிப் பார்க்கிற குழந்தை இருந்தால் உயரத்தில் கட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், கை எதற்குப் பழகியிருக்கிறது என்று கேளுங்கள். செடி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் முப்பது வருடம் செடிக்குக் கட்டினேன். அந்த ஐந்தைத்தான் வீட்டுக்குக் கட்டினேன்.

மூன்று செடியும் இப்போது அவர்கள் புது வாடகை வீட்டு மொட்டை மாடியில் டிரம்மில் நிற்கின்றன. இந்தப் பங்குனியில்தான் முதல் காய்ப்பு. பதினொரு வடு. நாற்பது வீட்டுக்கு எப்படிப் பங்கு போடுவது என்று கலாக்கா கவலையில் இருந்தார். உப்பில் ஊறியதும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். தயிர்சாதம். என் தட்டில் ஒரு வடு, சுபேதார் தட்டில் ஒரு வடு. கடித்தேன். காரமும் புளிப்பும் காதுக்குப் பின்னால் ஏறின. அதே மரம்தான்.

"ஏன் தம்பி, அப்போ பதினெட்டு போச்சே," என்றார் கலாக்கா, கரண்டியோடு நின்றுகொண்டு. "அது இன்னா பூஞ்சைன்னு சொன்னே? பேருகூட சொன்னியே. இதுங்களுக்கும் வந்துடப் போவுது, மருந்து வாங்கி வெச்சுக்கறேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தத் தவளையின் பெயரை ஞாபகப்படுத்த முயன்றேன். சுபேதார் கையை உதறித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அந்தப் பூஞ்சை நான்தான்," என்றார்.

காலையில் ஆறரை மணி, முக்காலி, டிஞ்சர், நோட்டு எல்லாவற்றையும் ஒழுங்காக, ஆபீசரிடம் ரிப்போர்ட் கொடுப்பது போலச் சொல்லி முடித்தார். கலாக்கா என்னைப் பார்த்தார். நான் தயிர்சாதத்தைப் பார்த்தேன். கலாக்கா குனிந்து, கணவர் தட்டில் கடிபடாமல் இருந்த வடுவை இரண்டு விரலால் எடுத்து என் தட்டில் வைத்தார்.

"பூஞ்சைக்கு ஊறுகா ஆவாது," என்றார்.